பள்ளிக்கூடம் கைவிரித்தால்: செட்டிநாட்டுப் பெற்றோருக்கு ஒரு சட்ட வழிகாட்டி

“இந்தப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள எங்களிடம் ஆள் இல்லை. ஏதாவது ஸ்பெஷல் ஸ்கூலில் விசாரித்துப் பாருங்களேன்.” காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ புதுவயலிலோ பள்ளி அலுவலகத்தில் இதைக் கேட்டுவிட்டு வீடு திரும்பும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். சொல்கிறவர் பெரும்பாலும் தன்மையாகத்தான் சொல்வார். அதனால்தான் பலரும் அதை ஒரு யோசனையாக எடுத்துக்கொண்டு அடுத்த பள்ளியைத் தேடிப் போய்விடுகிறார்கள். உண்மையில் அது ஒரு மறுப்பு. அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளி அப்படி மறுக்கச் சட்டத்தில் இடம் இல்லை.

சட்டம் எது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. இது 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. இதன் 16-ஆம் பிரிவு, அரசு நிதி பெறும் பள்ளிகளுக்கும் அரசு அங்கீகாரம் பெற்ற பள்ளிகளுக்கும் பொருந்தும். பாகுபாடு இல்லாமல் சேர்க்க வேண்டும், கட்டடமும் கழிப்பறையும் பிள்ளை பயன்படுத்தும்படி இருக்க வேண்டும், பிள்ளையின் தேவைக்கு ஏற்ற வசதி செய்து தர வேண்டும், கற்றல் குறைபாடு இருந்தால் சீக்கிரமே கண்டறிந்து அதற்கேற்பக் கற்பிக்க வேண்டும் என்றெல்லாம் அந்தப் பிரிவு சொல்கிறது. 31-ஆம் பிரிவு, 40 சதவீதத்துக்குக் குறையாத ஊனம் உள்ள 6 முதல் 18 வயது வரையிலான பிள்ளைகளுக்கு அருகிலுள்ள பள்ளியிலோ விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி உண்டு என்கிறது. விரும்புவது யார் என்பதைக் கவனியுங்கள். சிறப்புப் பள்ளியா சாதாரணப் பள்ளியா என்று முடிவு செய்வது தலைமை ஆசிரியரின் வேலை இல்லை.

இவ்வளவு சட்டம் இருந்தும் பெற்றோர் தோற்பது ஒரே இடத்தில்தான்: கையில் காகிதம் இல்லை. பள்ளி வாயால் மறுத்தது, இவர்கள் வாயால் கேட்டார்கள், ஆறு மாதம் போனது. கல்யாணத்துக்கே இசைகுடிமானம் எழுதிக் கையெழுத்து வைக்கிற ஊர் நம்முடையது. பிள்ளையின் படிப்பை மட்டும் வாய்ப்பேச்சில் விடலாமா? கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் ஏதோ ஒரு காகிதத்தை உங்கள் ஃபைலில் சேர்ப்பதற்காகத்தான்.

எந்த மாவட்டத்துக்குப் போவது?

செட்டிநாடு என்பது நம் மனதில் ஒரே ஊர். அரசுக் கணக்கில் இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கல்லல், திருப்பத்தூர் எல்லாம் சிவகங்கை. பொன்னமராவதி, இராயவரம், கடியாபட்டி, அரிமளம் எல்லாம் புதுக்கோட்டை. இராயவரத்தில் குடியிருந்துகொண்டு காரைக்குடிப் பள்ளிக்கு வேனில் அனுப்புகிறவர்கள் இங்கேதான் அலைக்கழிக்கப்படுகிறார்கள். அடையாள அட்டையும் உதவித்தொகையும் குடியிருக்கும் மாவட்டத்தில். பள்ளி பற்றிய புகார், பள்ளி இருக்கும் மாவட்டத்தின் கல்வி அலுவலகத்தில். இதை மனதில் வைத்துக்கொண்டால் பாதிப் பஸ் செலவு மிச்சம்.

சான்றிதழ்

மருத்துவச் சான்றும் யுடிஐடி எனும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இல்லாமல் எந்த அலுவலகத்திலும் பேச்சு நீளாது. ஸ்வாவ்லம்பன் என்ற மத்திய அரசு இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் பதியலாம், அல்லது மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் உதவி கேட்கலாம். பழைய மருத்துவச் சீட்டுகளைத் தூக்கிப்போடாமல் தேதி வரிசையில் அடுக்கி எடுத்துப் போங்கள். எந்த வயதிலிருந்து பிரச்சினை தெரிந்தது என்பதற்கு அதுதான் சாட்சி.

2016 சட்டத்தின் பட்டியலில் 21 வகை ஊனங்கள் இருக்கின்றன. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, டிஸ்லெக்சியா போன்ற குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எல்லாம் அதில் அடக்கம். ஏடிஎச்டி எனும் கவனக்குறைவு, மிகைத் துடிப்புக் குறைபாடு தனியாக அதில் இல்லை. அந்தப் பிள்ளைகள் பலருக்குக் கற்றல் குறைபாடும் சேர்ந்தே இருக்கும் என்பதால், அதற்கும் மதிப்பீடு செய்யச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். கற்றல் குறைபாட்டுக்கான முறையான சோதனை பொதுவாக 8 வயதுக்கு மேல், அதாவது மூன்றாம் வகுப்பை ஒட்டித்தான் நடக்கும். அதற்கு முன்பே சந்தேகம் வந்தால் பள்ளியிடம் எழுத்தில் தெரிவித்து வையுங்கள்.

ஒரு பெரிய தவறான எண்ணம் இங்கே உலவுகிறது. சான்றில் 40 சதவீதம் வரவில்லை என்றால் எந்தச் சலுகையும் கிடையாது என்று பள்ளிகளே சொல்லி அனுப்புகின்றன. இலவசக் கல்வி, உயர்கல்வி இட ஒதுக்கீடு போன்றவற்றுக்கு 40 சதவீதம் வேண்டும், உண்மைதான். ஆனால் 16-ஆம் பிரிவின் பாதுகாப்புக்கு அந்தக் கணக்கு இல்லை. எழுதுவதற்கு உதவியாளர் கேட்டு விகாஸ் குமார் என்பவர் யுபிஎஸ்சி மீது போட்ட வழக்கில், 40 சதவீதம் இல்லை என்பதற்காகத் தேவையான வசதியை மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. இந்த வழக்கின் பெயரை ஒரு சீட்டில் எழுதி ஃபைலில் வையுங்கள். அலுவலகங்களில் இதைச் சொன்னால் நாற்காலி போடுவார்கள்.

சதவீதம் குறைத்துப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றினால் 59-ஆம் பிரிவின்படி மேல்முறையீடு செய்யலாம். அதற்குக் கால வரம்பு இருப்பதால், சான்று கைக்கு வந்த வாரமே சட்ட உதவி மையத்தில் காட்டிவிடுங்கள்.

பள்ளிக்கு எழுதும் கடிதம்

எல்லாவற்றிலும் முக்கியமான படி இதுதான். நேரில் பேசிய பிறகு, அன்றே ஒரு கடிதம் கொடுங்கள். வழக்கறிஞர் எழுத வேண்டியதில்லை, தமிழில் ஒரு பக்கம் போதும். இப்படி எழுதலாம்:

“பெறுநர்: தலைமை ஆசிரியர் அவர்கள். பொருள்: என் மகளுக்கு 4-ஆம் வகுப்பில் சேர்க்கை கோருதல், மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, பிரிவு 16. ஐயா, என் மகளுக்கு ஆட்டிசம் உள்ளது. சான்றின் நகல் இணைத்துள்ளேன். இன்று நேரில் வந்து சேர்க்கை கேட்டபோது, சிறப்பு ஆசிரியர் இல்லாததால் சேர்க்க இயலாது எனத் தெரிவித்தீர்கள். மேற்படி சட்டப்படி என் மகளைச் சேர்த்துக்கொண்டு, முன்வரிசை இருக்கை, வழிமுறைகளைப் படம் காட்டி விளக்குதல், சத்தம் அதிகமான நேரங்களில் சிறிது நேரம் வெளியே அமர அனுமதி ஆகிய வசதிகளைச் செய்து தருமாறு கேட்டுக்கொள்கிறேன். சேர்க்க இயலாது என்றால் அதற்கான காரணத்தை 7 நாட்களுக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

இதில் உயிர்நாடி கடைசி வரி. எழுத்தில் காரணம் கேட்டதும் பல பள்ளிகள் “சரி, கூட்டி வாங்க, பார்க்கலாம்” என்று இறங்கி வருகின்றன. மறுப்பைத் தன் கையெழுத்தோடு கொடுக்க எந்த நிர்வாகமும் விரும்பாது. அடுத்தது, வசதிகளைக் குறிப்பாகக் கேட்பது. “என் பிள்ளையை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று எழுதினால் சட்டத்தில் அதற்குப் பிடி இல்லை. செலவில்லாத, நாளைக்கே செய்யக்கூடிய இரண்டு மூன்றைக் கேளுங்கள். பள்ளியின் சக்திக்கு மீறிய சுமை இல்லாத வசதிகள் என்பதுதான் சட்டம் வைத்திருக்கும் அளவு.

நகலில் கையெழுத்து, தேதி, முத்திரை வாங்குங்கள். வாங்க மறுத்தால் சண்டை போடாமல் தபால் நிலையத்துக்குப் போய் ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, ரசீதையும் டெலிவரி ஆன விவரத்தையும் ஃபைலில் சேருங்கள். போனில் பேசியவற்றையும் “இன்று காலை தாங்கள் சொன்னபடி...” என்று ஆரம்பித்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியாகப் போட்டுவிடுங்கள்.

பெற்றோர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருக்க, பிள்ளை ஐயா (தாத்தா), அப்பத்தாவிடம் வளர்வது இங்கே சகஜம். “அப்பா அம்மா வந்தால்தான் பேசுவோம்” என்று பள்ளி தட்டிக்கழிக்கும். கல்வி உரிமைச் சட்டம் 2009, பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்துப் பராமரிப்பவரையும் பாதுகாவலர் என்றே சொல்கிறது. ஆகவே அப்பத்தா கையெழுத்துப் போடலாம். இருந்தாலும் பெற்றோர் கையெழுத்திட்ட ஓர் அங்கீகாரக் கடிதத்தை இணைத்துவிட்டால் வாக்குவாதம் மிச்சம்.

மேலே போவது

பதில் வரவில்லை, அல்லது மறுப்பு வந்தது. மெட்ரிக் பள்ளி என்றால் மாவட்டக் கல்வி அலுவலர், தனியார் பள்ளிகள் பிரிவு. அரசு, உதவி பெறும் பள்ளி என்றால் தொடக்க, இடைநிலைப் பிரிவுகளின் மாவட்டக் கல்வி அலுவலர்கள். எதுவானாலும் முதன்மைக் கல்வி அலுவலருக்கு ஒரு நகல். சிபிஎஸ்இ பள்ளி என்றால் வாரியத்தின் மண்டல அலுவலகத்துக்கும் சேர்த்து அனுப்புங்கள். சிறப்பு ஆசிரியர் நியமிக்க வேண்டும் என்பது அந்த வாரியத்தின் விதியிலேயே இருப்பதால், “எங்களிடம் ஆள் இல்லை” என்பது அவர்களுக்கு எதிராகவே திரும்பும் பதில். மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலருக்கும் ஒரு நகல் போகட்டும். அந்த அலுவலகம் பஸ் பாஸ், உதவித்தொகை, உபகரணம் ஆகியவற்றில் கெட்டிக்காரத்தனமாக இருக்கும், பள்ளிச் சேர்க்கை என்றால் கொஞ்சம் தயங்கும். அதனால் அங்கே மட்டும் மனு கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்காதீர்கள்.

திங்கட்கிழமை மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்கு ஒரு முறை போய் வாருங்கள். அங்கே மனுவுக்கு எண் போட்டுக் கொடுப்பார்கள், சம்பந்தப்பட்ட அலுவலர் பதில் அனுப்பியாக வேண்டும். போக முடியாதவர்கள் 1100 என்ற முதல்வரின் உதவி மைய எண்ணில் பதியலாம். பள்ளிக் கல்வித் துறைக்கென்று 14417 இருக்கிறது. பிள்ளையை அடித்தார்கள், தனி அறையில் பூட்டினார்கள் என்றால் இதெல்லாம் வேண்டாம், நேராக 1098, குழந்தைகள் உதவி எண்.

அரசுப் பள்ளியில் பிள்ளை படிக்கிறது, ஆனால் சிறப்புப் பயிற்றுநர் வருவதே இல்லை என்பது இன்னொரு பொதுவான குறை. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தில் சிறப்புப் பயிற்றுநர்களும் இயன்முறை மருத்துவர்களும் வட்டார வள மையத்தில் இருந்துதான் வருகிறார்கள். முதலில் அங்கே போய்ப் பிள்ளையின் பெயர் பதிவாகி இருக்கிறதா என்று பாருங்கள். அப்புறம் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு விண்ணப்பம்: இந்த வட்டாரத்தில் எத்தனை சிறப்புப் பயிற்றுநர் பணியிடங்கள், எத்தனை காலி, எங்கள் பள்ளிக்குக் கடந்த கல்வியாண்டில் வந்த தேதிகள் எவை? 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (கோர்ட் ஃபீ ஸ்டாம்ப்) ஒட்டினால் போதும், 30 நாளில் பதில் வர வேண்டும். பதிலே ஒரு சாட்சியம்.

அந்தப் பதிலோடு சேர்த்து வைக்க வேண்டிய தீர்ப்பு ரஜனீஷ் குமார் பாண்டே வழக்கு. 2021 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சிறப்பு ஆசிரியர்களுக்கு ஒரு விகிதம் வகுத்தது. அதை ஒட்டி மத்திய அரசு 2022-இல் தொடக்கப் பள்ளியில் 10 மாற்றுத்திறன் பிள்ளைகளுக்கு ஒருவர், உயர் தொடக்கப் பள்ளியில் 15 பேருக்கு ஒருவர் என்று அறிவித்தது. 2025 மார்ச்சில், பணியிடங்களை உருவாக்கி நிரப்பச் சொல்லி நீதிமன்றம் மாநிலங்களை மீண்டும் முடுக்கியது. உங்கள் ஒரு பிள்ளைக்கு ஓர் ஆசிரியர் என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. வட்டாரத்தில் நாலைந்து பெற்றோர் சேர்ந்து கேட்டால்தான் இதற்குப் பலம்.

மாநில ஆணையர்

வக்கீல் இல்லாமல், நீதிமன்றக் கட்டணம் இல்லாமல் ஒரு வழக்கை நடத்த முடியும் என்றால் அது இங்கேதான். மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையர் சென்னையில் இருக்கிறார். 80-ஆம் பிரிவின்படி உரிமை மறுக்கப்பட்டதை விசாரிக்கலாம். ஆட்களை அழைக்க, ஆவணங்களைக் கேட்க 82-ஆம் பிரிவு அவருக்கு உரிமையியல் நீதிமன்றத்தின் அதிகாரத்தைத் தருகிறது. தபாலில் மனு அனுப்பலாம். பள்ளிக்கு எழுதிய கடிதம், கல்வி அலுவலருக்கு எழுதியது, அவர்கள் பதில், சான்றிதழ் என்று எண் போட்டு அடுக்கி, முதல் பக்கத்தில் தேதி வாரியாக நடந்ததை எழுதுங்கள். உணர்ச்சியை இரண்டு வரியில் முடித்துவிட்டுத் தேதிக்கு வந்துவிடுவது நல்லது. படிக்கிறவருக்கு அதுதான் வேண்டும்.

அவர் தருவது பரிந்துரை. சம்பந்தப்பட்ட துறை மூன்று மாதத்துக்குள் அதை ஏற்க வேண்டும், ஏற்காவிட்டால் காரணத்தைச் சொல்ல வேண்டும். நீதிமன்ற ஆணை அளவுக்கு இதற்கு வலு இல்லை என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஆனால் பின்னால் உயர் நீதிமன்றம் போகும்போது கையில் இருக்க வேண்டிய முதல் ஆவணம் இது.

இலவச சட்ட உதவி

“எங்களுக்கு வருமானம் இருக்கிறதே, இலவச வக்கீல் தருவார்களா?” என்று கேட்கிறார்கள். தருவார்கள். சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் தனித்தனி வகை. இவர்களுக்கு வருமான வரம்பு கிடையாது. உங்கள் பிள்ளை இரண்டு வகையில் தகுதி பெறுகிறது, அம்மா மனு கொடுத்தால் மூன்றாவதும் சேர்ந்துவிடும்.

சிவகங்கையிலும் புதுக்கோட்டையிலும் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்தில் இருப்பவர்கள் உள்ளூர் நீதிமன்ற வளாகத்தில் வட்டச் சட்டப் பணிகள் குழு எங்கே என்று கேட்டால் காட்டுவார்கள். 15100 என்ற சட்ட உதவி எண்ணுக்கும் பேசலாம். ஒரு விண்ணப்பப் படிவம், அடையாளச் சான்று, பிள்ளையின் சான்றிதழ், உங்கள் ஃபைல். அவ்வளவுதான். உடனே வழக்குப் போட வேண்டும் என்று கேட்காதீர்கள். முதலில் ஆணைக்குழு வழியாகப் பள்ளிக்கு ஒரு அறிவிப்பு அனுப்பச் சொல்லுங்கள். ஆணைக்குழுவின் முத்திரையோடு வரும் அந்த ஒரு தாளுக்கே பாதிப் பிரச்சினை முடிந்துவிடும்.

நியமிக்கப்படும் வழக்கறிஞர் நிலத் தகராறும் ஜீவனாம்சமும் பார்த்துப் பழகியவராக இருக்கலாம். 2016 சட்டத்தின் 16, 17, 31 பிரிவுகளையும் மேலே சொன்ன இரண்டு தீர்ப்புகளையும் நீங்களே அச்செடுத்துக் கொண்டுபோய் மேசையில் வையுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வழக்கறிஞர் அக்கறை காட்டவில்லை என்றால் வேறொருவரைக் கேட்டு ஆணைக்குழுவுக்கே மனு கொடுக்கலாம். யாராவது பணம் கேட்டால் அதையும் அங்கேயே எழுதிக் கொடுங்கள்.

எதுவும் நடக்கவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை. இரண்டு மாவட்டங்களுக்கும் அதுதான். அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு. அங்கேயும் சட்டப் பணிகள் குழு உண்டு, மாவட்ட ஆணைக்குழு வழியாகவே விண்ணப்பத்தை அனுப்பச் சொல்லலாம். ஜூன் மாதம் பள்ளி திறந்துவிடும் என்பதால் இடைக்கால உத்தரவு கேட்பதை வழக்கறிஞரிடம் நினைவுபடுத்துங்கள். வழக்கு முடிந்து தீர்ப்பு வரும்போது பிள்ளை அடுத்த வகுப்புக்கு உரிய வயதை எட்டியிருக்கும்.

அமெரிக்காவில் இருந்து திரும்பி வந்து இங்கே வீடு கட்டியிருப்பவர்கள் ஐஇபி (தனிக் கல்வித் திட்டம்) கூட்டம் எப்போது என்று கேட்பதைப் பார்த்திருக்கிறேன். அங்கே ஐடிஇஏ என்ற சிறப்புக் கல்விச் சட்டப்படி ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுதியே ஆக வேண்டும், ஒத்துப்போகாவிட்டால் அதற்கென்று விசாரணை அதிகாரி உண்டு. இங்கே அந்த ஏற்பாடு இல்லை. இருந்தாலும் பழைய ஐஇபி தாள்களை மொழிபெயர்த்துப் பள்ளிக் கடிதத்தோடு இணையுங்கள். எந்த வசதி கொடுத்தபோது பிள்ளை முன்னேறியது என்பதற்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. புது மதிப்பீடு வேண்டும் என்றால், காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தில் சிறப்புக் கல்விக்கென்றே ஒரு துறை இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். பல வகை ஊனம் சேர்ந்திருந்தால் சென்னை முட்டுக்காட்டில் உள்ள தேசிய நிறுவனம். தனியாகத் தெரபி மையமோ சிறப்புப் பள்ளியோ பார்த்தால், பயிற்றுநருக்கு இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண் இருக்கிறதா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியிருக்கும் சான்றிதழைப் பார்த்து ஏமாற வேண்டாம்.

தேர்வுச் சலுகை

சேர்க்கை கிடைத்ததும் பெற்றோர் ஓய்ந்துவிடுகிறார்கள். பத்தாம் வகுப்பு வரும்போதுதான் கூடுதல் நேரம், சொல்வதை எழுதும் உதவியாளர், மொழிப்பாட விலக்கு ஆகியவை நினைவுக்கு வரும். 17-ஆம் பிரிவில் இவை எல்லாம் பெயர் சொல்லியே குறிப்பிடப்பட்டிருக்கின்றன. பொதுத் தேர்வுக்கு விண்ணப்பம் தலைமை ஆசிரியர் வழியாகத்தான் போக வேண்டும், பெயர்ப் பட்டியல் தயாராகும் காலத்திலேயே போக வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடினால் பயன் இல்லை. என் யோசனை: ஒன்பதாம் வகுப்பு ஆண்டுத் தேர்விலேயே பள்ளி அளவில் இந்தச் சலுகைகளைக் கேட்டு வாங்குங்கள். பிள்ளைக்குச் சொல்லி எழுதவைக்கும் பழக்கமும் வரும், பள்ளிக்கும் நடைமுறை புரியும்.

18 வயதுக்கு முன்

18 முடிந்ததும் சட்டப்படி பிள்ளை பெரியவர். அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், பல வகை ஊனம் ஆகிய நான்குக்கும் தேசிய அறக்கட்டளைச் சட்டம் 1999-இன்படி சட்டப் பாதுகாவலர் நியமனம் உண்டு. மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழு இதைச் செய்கிறது, நீதிமன்றம் போக வேண்டியதில்லை. வங்கிக் கணக்கு, பூர்வீக வீட்டுப் பங்கு என்று கையெழுத்துத் தேவைப்படும் குடும்பங்கள் பதினேழரை வயதிலேயே படிவத்தை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீட்டுக்கு வயது தடை இல்லை. ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை வரும், தெரபி செலவுக்கும் அதில் இடம் உண்டு. அதற்கு இப்போதே விண்ணப்பிக்கலாம்.